அப்பா படித்த காலேஜ் பிள்ளைக்கு உதவுமா? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எப்போது, எதில் தொடங்குவது

ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கையில் காபியோடு நிற்கும் அப்பா அம்மாக்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் காலேஜில்தான் போய் முடியும். போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நீங்க இங்கயே எம்.எஸ். பண்ணவர்தானே சார், உங்க பையனுக்கு அங்கயே லெகசி சீட்டு கெடைச்சிடுமே?"

'சீட்டு' என்ற அந்த ஒரு சொல்லில் ஊர் வாசனை அடித்தது. மேனேஜ்மென்ட் கோட்டா, அமைச்சரின் சிபாரிசுக் கடிதம், 'நம்ம ஸ்கூல் ஓல்டு ஸ்டூடன்ட் பையன்' என்று எல்.கே.ஜி.யில் கிடைக்கும் சலுகை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் லெகசி என்று நாம் புரிந்துவைத்திருக்கிறோம். அது அப்படியில்லை. பெற்றோர் படித்த கல்லூரி, அவர்கள் பிள்ளையின் விண்ணப்பத்துக்குச் சேர்க்கையில் கொஞ்சம் கூடுதல் மதிப்புத் தருவதுதான் லெகசி. எனக்கு அது கிடையவும் கிடையாது.

மூத்தவளைக் கல்லூரிக்கு அனுப்பியாயிற்று. இளையவன் இப்போது பத்தாம் வகுப்பு. முதல் சுற்றில் நான் தலைகீழாகச் செய்ததை இரண்டாம் சுற்றில் நேராகச் செய்ய முயல்கிறேன். பழைய மாணவர் உறவு உதவுமா என்று பார்க்க ஒரு மாலை போதும். கணக்குப் பாடத்துக்கும் பணத்துக்கும்தான் வருஷக்கணக்கில் முன்யோசனை வேண்டும்.

முதல் படி: உங்களிடம் லெகசி இருக்கிறதா? (ஒரு மாலை வேலை)

மூன்று கேள்விகள். இதே வரிசையில் கேளுங்கள்.

நீங்கள் படித்த கல்லூரி லெகசியைப் பார்க்கிறதா? நம்மில் பெரும்பாலோர் முதுகலை படித்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில். அவற்றில் பல இதைப் பார்ப்பதே இல்லை. நம்மாட்கள் நிறையப் பேர் படித்த டெக்சாஸ் ஏ அண்டு எம் 2004லேயே கைவிட்டுவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எதிலும் கிடையாது. தனியாரில் எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் பார்ப்பதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014ல் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு 2020ல்தான் வெளியே சொன்னது. அங்கே முதலாண்டு வகுப்பில் லெகசி மாணவர்கள் 2009ல் 12.5 சதவீதம், 2019ல் 3.5 சதவீதம். ஆம்ஹர்ஸ்ட் 2021ல் நிறுத்தியது, வெஸ்லியன் 2023ல். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கார்னெல், நாட்டர்டேம் போன்றவை விடவில்லை.

இதற்கு யாரையும் கேட்க வேண்டாம். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் இந்த ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும்: மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம், பழைய மாணவர் உறவு. ஒவ்வொன்றுக்கும் 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'பார்ப்போம்', 'பார்ப்பதில்லை' என்ற நான்கில் ஒன்றில் குறி இருக்கும். கன்சல்டன்ட் காசு வாங்கிக்கொண்டு சொல்வதில் பாதி இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த கேள்வி, நீங்கள் படித்தது எந்தப் பட்டம்? நம் குடும்பங்களில் அநேகமாக எல்லாக் கனவும் இங்கேதான் கலையும். கிண்டியிலோ திருச்சியிலோ பி.இ. முடித்துவிட்டு இங்கே எம்.எஸ். படித்தவர்கள் நாம். ஹார்வர்டு கணக்கில் லெகசி என்பது அதன் இளங்கலைக் கல்லூரியில் படித்தவரின் பிள்ளை, அங்கே எம்.பி.ஏ. படித்த அப்பாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஸ்டான்ஃபோர்டு முதுகலையையும் சேர்த்துக்கொள்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. பழைய மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சித்தப்பா, மாமா, பெரியம்மா மகள் படித்ததெல்லாம் நம் பேச்சில்தான் உறவு. பெரும்பாலான இடங்களில் கணக்கில் வருவது அப்பா, அம்மா. சில இடங்களில் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்.

கடைசிக் கேள்வி, மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது? கொலராடோ 2021ல் அரசுக் கல்லூரிகளில் இதைத் தடைசெய்தது. 2024ல் வர்ஜீனியாவும் இல்லினாயும் அதையே செய்தன. அதே ஆண்டு மேரிலாந்து தனியாரையும் சேர்த்தே தடுத்தது. கலிபோர்னியா தனியார் கல்லூரிகளைத் தடுக்கும் சட்டத்தை 2024 செப்டம்பரில் இயற்றியது. நடைமுறைக்கு வந்தது 2025 செப்டம்பர் 1. ஸ்டான்ஃபோர்டு என்ன செய்தது தெரியுமா? லெகசியை விட மனமில்லாமல், மாநில அரசு தரும் 'கால் கிராண்ட்' என்ற உதவித்தொகையே வேண்டாம், அந்தப் பணத்தை நாங்களே மாணவர்களுக்குத் தருகிறோம் என்றது. இந்த வழக்கத்தில் கல்லூரிகளுக்கு எவ்வளவு பிடிப்பு என்பது இதிலிருந்தே தெரியும்.

மூன்றும் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். ஒன்று பாதகமானாலும் நேராக மூன்றாம் படி.

இரண்டாம் படி: இருந்தால், எவ்வளவு எடை?

ஹார்வர்டு மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் ஆறு ஆண்டு விண்ணப்பக் கணக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. லெகசி பிள்ளைகளில் சுமார் 34 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களில் சுமார் 6 சதவீதம். அதே வழக்கில்தான் 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆசிய மாணவர்கள் பெயரால் நடந்த வழக்கு அது. லெகசியை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

ஐந்து மடங்குக்கு மேல் என்றதும் மயங்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நல்ல பள்ளி, நல்ல வருமானம், வீடு நிறையப் புத்தகம் என்று ஏற்கெனவே முன்னால் நிற்பவர்கள். எல்லாம் இருந்தும் மூன்றில் இரண்டு பேரை ஹார்வர்டு திருப்பி அனுப்பியது என்பதும் அதே கணக்குதான். இந்த வழக்கம் 1920களில் வந்தபோது அதன் ஒரு நோக்கம், தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்கிய யூதக் குடியேறிகளின் பிள்ளைகளைக் குறைப்பது. படிப்பையே நம்பி வந்த குடியேறிகள் நாம். இப்போது நாமும் அந்த வாரிசுப் பட்டியலில் இடம் தேடுகிறோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

உண்மையான லெகசி கையில் இருந்தால் அது மாற்ற வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: முன்கூட்டிய விண்ணப்பத்தை எங்கே போடுவது. எர்லி டிசிஷன் என்பது ஒரே ஒரு கல்லூரிக்குப் போடுவது, கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுவார்கள். லெகசி வைத்திருக்கும் கல்லூரிகள் பல, 'எங்களிடம்தான் வருவாய் என்றால் முதலிலேயே வா' என்றுதான் நினைக்கின்றன. ஆனால் அது பிள்ளையின் ஒரே துருப்புச் சீட்டு. அப்பாவின் மலரும் நினைவுகளுக்காக அதை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தின் குடும்பப் பகுதியில் பெற்றோரின் கல்லூரி, பட்டம், ஆண்டு மூன்றையும் சரியாக நிரப்புங்கள். கட்டுரையில் 'என் அப்பா இங்கே படித்தார்' என்று எழுத விடாதீர்கள். அது ஏற்கெனவே படிவத்தில் இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023ல் லெகசிக்கான கட்டத்தை எடுத்துவிட்டு, இந்தப் பல்கலைக்கழகத்தோடு உனக்குள்ள பிணைப்பு என்ன என்று யாரும் எழுதக்கூடிய ஒரு கேள்வியை வைத்தது. வருஷம் நூறு டாலர் நன்கொடை கொடுத்துவந்தால் வழி திறக்கும் என்று நினைப்பவர்களுக்கு: அந்த வழி திறக்கும் தொகையில் எத்தனை சைபர் என்று நம்மில் பலருக்கு எண்ணத் தெரியாது.

மூன்றாம் படி: ஆறாம் வகுப்பின் முடிவு, கணக்குப் பாதை

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பலர் பதினொன்றாம் வகுப்பு என்கிறார்கள். அது தாமதம். பிறந்த குழந்தைக்கு ரெஸ்யூமே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பைத்தியம்.

அமெரிக்கப் பள்ளியில் கணக்கு ஒரு ரயில் பாதை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்தால் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீ-கால்குலஸ், பன்னிரண்டில் கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. கால்குலஸ். ஒன்பதில்தான் அல்ஜீப்ரா 1 தொடங்கினால் கால்குலஸ் வருவதற்குள் பள்ளி முடிந்துவிடும். பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிற பிள்ளைக்கு இது இடிக்கும். எந்தப் பாதை என்று பல பள்ளிகளில் முடிவாவது ஆறாம் வகுப்பின் கடைசியில், ஒரு சின்னத் தேர்வை வைத்து.

அந்தத் தேர்வைப் பற்றி மூத்தவள் பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சலை நான் திறக்கவே இல்லை. பள்ளியிலிருந்து வாரத்துக்கு இருபது மின்னஞ்சல் வரும், பேக் சேல் என்று ஒன்று, பைஜாமா டே என்று ஒன்று, நடுவில் இது. விளைவு, ஒன்பதாம் வகுப்புக்குப் பின் வந்த கோடை முழுக்க அவள் ஜியாமெட்ரி படித்தாள். ஊருக்குப் போகும் பயணம் ரத்து. பாட்டிக்கு இன்றுவரை என் மேல் கோபம்.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இன்னொன்றும் கேளுங்கள். ஞாயிறு தமிழ்ப் பள்ளிப் படிப்பைச் சில பள்ளி மாவட்டங்கள் உலக மொழிப் பாடத்துக்கான கிரெடிட்டாக ஏற்றுக்கொள்கின்றன. பல மாநிலங்களில் இருமொழிப் புலமைக்கு ஒரு முத்திரையும் உண்டு. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்று கவுன்சிலரிடம் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பு அட்டவணையில் ஒரு இடம் மிச்சம்.

நான்காம் படி: ஒன்பது, பத்து

ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து வாங்கும் மதிப்பெண்கள் ஜி.பி.ஏ. என்ற மொத்தச் சராசரியில் சேரும். நம்மூரில் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து கட்-ஆஃப் போடுகிற பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது மனதில் ஏறவே நாளாகிறது. இங்கே கடைசி ஒரு வருஷம் உருண்டு புரண்டு படித்து மேலே வர முடியாது. டெக்சாஸில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்குள் எத்தனையாவது ரேங்க் என்பது தலையெழுத்தையே மாற்றும்: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மாநில மாணவர்களில் பள்ளியின் மேல்தட்டு 5 சதவீதத்துக்கு, 2026 சேர்க்கையிலிருந்து, தானாக இடம் தருகிறது. அதற்கு முன் அது 6 சதவீதம்.

வெளி நடவடிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்றை ஆழமாகச் செய்தால் போதும். ஆனால் பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அரங்கேற்றத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் வைக்காதீர்கள். அந்தக் கோடைதான் கட்டுரைகள் எழுதும் கோடை. காலையில் ஒத்திகை, மாலையில் புடவைக் கடையோடு வாட்ஸாப் பேச்சு, இரவில் கட்டுரை என்று ஒரு வீடு பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். ஒரு கோடை முன்னால் வைத்தால் அதைப் பற்றி எழுதவும் நேரம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பணம், பத்தாம் வகுப்பின் ஜனவரி

இதை யாரும் தமிழ்ப் பள்ளி வாசலில் பேசுவதில்லை, சம்பளம் தெரிந்துவிடும் என்று. அதனால்தான் நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன்.

அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் நடப்பு வருமானத்தைக் கேட்காது. இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைக் கேட்கும். 2028 செப்டம்பரில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு அது பார்ப்பது 2026ஆம் ஆண்டு வருமானம்; அதுதான் அடிப்படை ஆண்டு. அதாவது பத்தாம் வகுப்பின் நடுவில் வரும் ஜனவரி 1 அன்றே கணக்கு தொடங்கிவிடுகிறது. படிவம் நிரப்புவது பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபரில். ஆனால் அதில் எழுதப்போவது அப்போது முடிந்துபோன கதை.

நம் வீடுகளில் இது எங்கே கடிக்கும்? ஊரில் இருக்கும் மனை. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை. 401(கே) போன்ற ஓய்வூதியக் கணக்குகளையும் கேட்பதில்லை. ஆனால் மற்ற நிலம், வீடு எல்லாம் முதலீடு, அது மேடவாக்கத்தில் இருந்தாலும் சரி, மதுரையில் இருந்தாலும் சரி. பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம் வரைதான் நீங்கள் கட்டக்கூடியது என்று கணக்கில் எடுக்கும், வருமானத்தில் 47 சதவீதம் வரை எடுக்கும். மனை சும்மா கிடந்தால் சின்ன அடி. அதே மனையை அந்த அடிப்படை ஆண்டில் விற்று லாபம் வரியில் ஏறினால் பெரிய அடி. விற்பதென்றால் அந்த ஜனவரிக்கு முன் விற்றுவிடுங்கள், இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

பிள்ளை பெயரில் சேமிப்பு வைப்பதும் நம் வழக்கம், தங்கச்சீட்டு மாதிரி. பிள்ளையின் சொத்தில் அதே கணக்கில் 20 சதவீதம் போய்விடும். படிப்புக்கென்றே உள்ள வரிச்சலுகைச் சேமிப்பான 529 கணக்கில் வைத்தால் பெற்றோர் சொத்தாகவே எண்ணப்படும். பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் 2024லிருந்து ஒரு பதில் உண்டு: கணக்கு 15 ஆண்டு பழையதாக இருந்தால், வாழ்நாளில் 35,000 டாலர் வரை பிள்ளையின் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்கு, ஆண்டு வரம்புக்கு உட்பட்டு, மாற்றலாம்.

விசாவும் இங்கே வருகிறது. பிள்ளை இங்கே பிறந்திருந்தால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் ஃபாஃப்சா போடலாம். பிள்ளை எச்-4ல், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில் இருந்தால், மத்திய அரசு உதவி கிடையாது; பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே வைக்கும். அப்படியானால், பணம் கேட்பதால் இடம் மறுக்காத கல்லூரிகளைப் பட்டியலில் முன்னால் வையுங்கள். வெளிநாட்டு மாணவருக்கும் அந்தக் கொள்கை உள்ள இடங்கள் கொஞ்சம்தான்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் அவற்றில் சில. 21 வயதில் எச்-4 முடிகிறது என்பதால், கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேருங்கள்.

ஆறாம் படி: பதினொன்று

அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி., அதாவது எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டத் தேர்வு. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு எண்ணப்படுவது இந்த வகுப்பில் எழுதுவதுதான். எஸ்.ஏ.டி.யை வசந்தத்துக்குள் முடித்துவிடுங்கள். 'இப்போ டெஸ்ட் யாரும் கேக்கறதில்லை' என்பது பழைய செய்தி: எம்.ஐ.டி. 2022லும், டார்ட்மவுத், ஹார்வர்டு போன்றவை 2024லும் திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ, கொடுத்தாலும் பார்க்க மாட்டேன் என்கிறது.

கோடை விடுமுறைக்கு முன் இரண்டு ஆசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டுவிட வேண்டும். பிள்ளையே நேரில் போய்க் கேட்கட்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் மூவரும் உட்கார்ந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் எண்களைப் போடுங்கள். கல்லூரிகள் இதை வைத்தே ஆக வேண்டும் என்பது 2011லிருந்து சட்டம். 'எவ்வளவு ஆனாலும் அப்பா கட்டுவேன்' என்ற வசனத்தை நானும் பேசியவன்தான். டிசம்பரில் இடம் கிடைத்த பிறகு 'கட்ட முடியாது' என்று சொல்வதைவிட ஏப்ரலில் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. எர்லி டிசிஷன் போடும் வீட்டில் இது கட்டாயம். உதவித்தொகை போதவில்லை என்றால் விலக வழி உண்டு, ஆனால் அந்த மன உளைச்சலை யார் தாங்குவது?

ஏழாம் படி: பன்னிரண்டு

ஆகஸ்ட் 1 காமன் ஆப் புதிய ஆண்டுக்குத் திறக்கும். அதற்குள் 650 சொல் கட்டுரையின் முதல் வரைவு இருக்க வேண்டும். அதை நீங்கள் திருத்தாதீர்கள். நாற்பத்தெட்டு வயது ஐ.டி. மேனேஜரின் ஆங்கிலம் பதினேழு வயதுக் கட்டுரையில் தனியாகத் தெரியும். அக்டோபர் 1 வாக்கில் ஃபாஃப்சா. பல தனியார் கல்லூரிகள் கூடவே கேட்கும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவமும் அன்றுதான் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் 1, பதில் டிசம்பர் நடுவில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் நாட்களோடு முடியும். மற்றவை ஜனவரி முதல் வாரம். மார்ச் கடைசிக்குள் அநேகமாக எல்லாப் பதிலும் வந்துவிடும். மே 1க்குள் ஒரு கல்லூரிக்கு முன்பணம். அதன் பிறகு படிப்பைக் கோட்டைவிட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு உண்டு என்பதைப் பிள்ளை காதில் போட்டு வையுங்கள்.

இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் சலுகை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2024-25லிருந்து ஃபாஃப்சாவில் அது போய்விட்டது. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் கேட்கும் கல்லூரிகள் பல இன்னும் பார்க்கின்றன. என் வீட்டில் இருவருக்கும் ஓராண்டு ஒன்றாக வருகிறது. வரும் ஜனவரியில் இளையவனுக்கு அந்த அடிப்படை ஆண்டு தொடங்குகிறது. மேடவாக்கத்து மனைக்கு ஆள் வந்திருக்கிறது, பொங்கல் கழிந்ததும் பத்திரம் முடித்துவிடலாமா என்று அண்ணன் நேற்று போனில் கேட்டார். டிசம்பருக்குள் முடியுமா என்று நான் கேட்டேன். மார்கழியில் எவனும் பத்திரம் போட மாட்டான் என்றார்.